வண்டி உதறுகிறதா? பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

பரனூர் டோல்கேட் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதும் என் காரின் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். 105 வாக்கில் தானாக அடங்கிவிடும். ரோடு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்த அம்மா ஒருநாள் "என்னடா, மாவு மில்லுல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றதும்தான் வெட்கம் வந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று கடைகளில் மூன்று முறை வீல் பேலன்சிங் (வீலின் பாரம் சுற்றிலும் சமமாக இருக்க ரிம்மில் சின்ன வெயிட் ஒட்டுவது) செய்தேன். ஒரு முறை அலைன்மெண்ட் (வீல்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது). கடைசிக் கடையில் "ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாத்தணும் சார்" என்றார்கள். மாற்றவில்லை, நல்லவேளை. குற்றவாளி ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்தக் கதை ஐந்தாவது படியில் வருகிறது.

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜாக்கி எங்கே வைப்பது, நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள்.

படி 1: எப்போது உதறுகிறது என்று எழுதி வையுங்கள்

"வண்டி உதறுது" என்று மட்டும் சொன்னால் எந்தக் கடையிலும் பேலன்சிங்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் ஓட்டி, எந்த வேகத்தில், எதைச் செய்யும்போது, கையிலா இருக்கையிலா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

80-லிருந்து 110-க்குள் மட்டும் வந்து போனால் பெரும்பாலும் வீல் சம்பந்தப்பட்டது. ஸ்டியரிங் ஆடினால் முன்வீல், இருக்கையும் தரையும் ஆடினால் பின்வீல். இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று காட்டும்.

20, 30 வேகத்திலேயே வண்டி இடமும் வலமும் அசைந்தால் டயரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம், பக்கவாட்டில் புடைத்திருக்கலாம், பள்ளத்தில் விழுந்து ரிம் பெண்டாகியிருக்கலாம். புடைப்பு கண்ணில் பட்டால் மேற்கொண்டு சோதனை எதுவும் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். அந்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க், அதாவது வீலோடு சுற்றும் பிரேக் தட்டு. டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது அதன் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போவதுதான். மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கும் பழக்கம் டிஸ்கைச் சீக்கிரம் கெடுக்கும். லேத்தில் கடைந்து சரிசெய்யலாம் என்றால், டிஸ்கிலேயே குறைந்தபட்ச கனம் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும்; கடைந்த பிறகு அதற்குக் கீழே போனால் புதிது போடுவதுதான் வழி. அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் கடகடவென்று காலை உதைத்தால் அது வீல் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது. பயப்பட வேண்டாம்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால் ஆக்ஸிலின் (இன்ஜின் சக்தியை வீலுக்குக் கொண்டுபோகும் தண்டு) உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் சத்தம் வந்தால் வெளிப்பக்க ஜாயின்ட்.

சிக்னலில் நிற்கும்போதே உதறினால் வீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளக், காயில், இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) பக்கம் போங்கள். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுத்துவிடும், அது விலை அதிகமான சாமான்.

படி 2: கிளட்ச் சோதனை

பின்னால் வண்டி இல்லாத நேரான சாலையில், உதறும் வேகத்துக்குப் போய் கிளட்சை மிதித்து சில விநாடி உருள விடுங்கள். உதறல் அப்படியே இருந்தால் வீல், டயர் பக்கம். உடனே நின்றால் இன்ஜின் அல்லது ஆக்ஸில். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

படி 3: கண்ணால் பாருங்கள்

ரிம்மின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி வந்தால் அங்கே மண் அப்பிக் காய்ந்திருக்கும். அதுவே உதற வைக்கப் போதும். அப்புறம் ஒட்டியிருந்த வெயிட் விழுந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீலைத் தூக்கி, தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் சாக்பீஸை ரிம் ஓரத்துக்கு மிக அருகில் நிறுத்திக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் பெண்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், இடமும் வலமும் ஆடினால் ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட்.

படி 4: முன்னதைப் பின்னே மாற்றுங்கள்

ஒரே பக்கத்தின் முன்வீலையும் பின்வீலையும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் கையிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தால் அந்த வீல்தான். எந்த மெஷினும் தேவையில்லை. என் விஷயத்தில் இந்தப் படிதான் என்னைக் குழப்பியது. உதறல் முழுதாக நகரவும் இல்லை, அப்படியே இருக்கவும் இல்லை, கொஞ்சம் குறைந்தது. மறுநாள் திரும்ப மாட்டியபோது முன்பைவிட அதிகமானது.

படி 5: வீல் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா?

மூன்று கடையிலும் பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டியது, அதாவது பாரத்தில் குறை எதுவும் இல்லை. நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் உதறல் மாறிக்கொண்டே இருந்தது. அந்தத் துப்பைக் கவனிக்காமல் விட்டதுதான் என் தவறு. பிறகு இடது முன்வீல் பஞ்சராகி, கம்பெனி இரும்பு ரிம் உள்ள ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

வெர்னியரை எடுத்து அளந்தேன். வண்டியின் ஹப், அதாவது வீலின் நடுத்துளை உட்காரும் வட்டமான மேடு, 54.1 மி.மீ. நான் வெளியே வாங்கிப் போட்ட அலாய் வீலின் நடுத்துளை 73.1 மி.மீ. பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்று வெளிச்சந்தை அலாயில் துளையைப் பெரிதாக வைப்பார்கள். நடுவே ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். அலாய் வாங்கும்போது அது இருந்தது. டயர் மாற்றிய கடையில் எங்கோ விழுந்துவிட்டது, முன்வீல் இரண்டிலும் இல்லை.

வளையம் இல்லாவிட்டால் நட்டின் கூம்புதான் வீலை நடுவில் நிறுத்த வேண்டும். வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஏர் கன்னால் ஒரு நட்டை மட்டும் முதலில் முடுக்கினால் வீல் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிடும். அரை மி.மீ. என்ன செய்யும் என்று கேட்டால்: டயரோடு சேர்த்து 15 கிலோ இருக்கும் வீல் அரை மி.மீ. தள்ளி நின்றால், ரிம் ஓரத்தில் சுமார் 40 கிராம் வெயிட்டை ஒட்டிவிட்ட மாதிரி. பேலன்சிங் மெஷினில் வீலைக் கூம்பு வைத்துச் சரியாக நடுவில் பிடிப்பதால், இந்தப் பிழை அங்கே தெரியவே தெரியாது.

40 கிராமும் அற்பமில்லை. 15 அங்குல வீல் 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 14 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தாலே ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 3 கிலோ பாரத்துக்குச் சமமாக வெளியே இழுக்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறுவது ஏன்? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரப் போகும்; சஸ்பென்ஷனுக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் அடங்கிவிடும்.

மாட்டும் முறை இதுதான். ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். துருவும் வீலைக் கோணலாக உட்கார வைக்கும். ரிங்கை வைத்து, வீல் தரையைத் தொடாதபோதே நட்டுகளைக் கையால் எதிரெதிராக முடுக்குங்கள். பிறகு இறக்கி, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) முடியுங்கள். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். நான்கு நட் உள்ள சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும்.

டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் என்று நினைத்தவன்தான் நானும். இப்போது அது இல்லாமல் நட்டைத் தொடுவதில்லை. வண்டியோடு வரும் எல் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கிராஸ் ஸ்பேனர் வாங்குங்கள். ஏர் கன்னைக் கழற்ற மட்டும் அனுமதிக்கிறேன், முடுக்க விடுவதில்லை. கடைக்காரர் முறைக்கத்தான் செய்வார்.

அலைன்மெண்ட் பற்றி ஒரு வார்த்தை: அது தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நேரடியாக உதறாது. இரண்டையும் சேர்த்தே பில் போடுகிறார்கள் என்பதால் எல்லோரும் குழப்பிக்கொள்கிறோம்.

பின்சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் ஒருவர், இரண்டு மாதம் நிறுத்தி வைத்த வண்டி முதல் சில கி.மீ. உதறிவிட்டுச் சரியாகிறது என்கிறார். நின்ற இடத்திலேயே டயர் தட்டையானதுதான் காரணம், சூடானால் பழைய வடிவத்துக்கு வரும். 20 கி.மீ. ஓட்டியும் போகவில்லையென்றால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

பின்சேர்க்கை 2: மூன்று சிலிண்டர் வண்டி சிக்னலில் லேசாக அதிர்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு அது பிறவிக்குணம். புதிதாக இருந்ததைவிட இப்போது அதிகம் என்றால் மட்டும் மவுண்டிங்கைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: போல்ட் மரையில் கிரீஸ் தடவலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம். வழுக்குவதால் ரெஞ்ச் 100 காட்டும்போதே போல்ட் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும்.

பின்சேர்க்கை 4: போன வாரம் பஞ்சர் கடையில் பையன் வீலைக் கழற்றும்போது ரிங்கும் கூடவே வந்து, பழைய நட்டுகள் கிடந்த தட்டில் விழுந்தது. அவன் கவனிக்கவே இல்லை. இப்போதெல்லாம் எத்தனை வீல் கழற்றினார்களோ அத்தனை ரிங்கையும் எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் டீ குடிக்கப் போகிறேன்.