பழைய கார் சூடாகிறதா? விசிறியையும் தண்ணீர் ஒழுக்கையும் நீங்களே பார்க்கலாம்

மலேசியாவின் தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் 1992-இல் வந்த புரோட்டோன் சாகா இஸ்வாராவும் 1993-இல் வந்த புரோட்டோன் வீராவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலான வண்டிகளின் பின்பக்கப் பெட்டியில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலும் இருக்கும். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் நிறுத்து, ஊற்று, மறுபடி ஓட்டு. இப்படியே காலம் தள்ளினால் ஒரு நாள் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போகும். அதற்கு ஆகும் செலவு காரின் விலையோடு போட்டி போடும்.

ஸ்பானர் பிடித்துப் பழகாதவர்களும் இந்த வேலையில் பாதிக்கு மேல் தாங்களே பார்க்கலாம். சாமான் வாங்க ஓடுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை தெரிந்தாக வேண்டும். முள் எப்போது ஏறுகிறது? தண்ணீர் எங்கே போகிறது? இந்த விடை தெரியாமல் போமனிடம் (மெக்கானிக்கிடம்) போனால் அவர் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) மாற்றுவார், அப்புறம் விசிறியை, அப்புறம் ரேடியேட்டரை. ஒவ்வொன்றுக்கும் வெள்ளி (ரிங்கிட்) போகும், சூடு மட்டும் போகாது.

தொடங்கும் முன்

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அது உள்ளே தாங்கும் அழுத்தத்தின் அளவு. 0.9 மூடி போட்ட ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். அடக்கி வைத்திருந்த தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்துப் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாக ஓடத் தொடங்கும். விசிறிக்குப் பக்கத்தில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

டார்ச் லைட், திருப்புளி, 10, 12 எண் ஸ்பானர்கள், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இரண்டு துண்டு வயர், ஒரு பழைய அட்டைப்பெட்டி. இவ்வளவு போதும்.

படி 1: முள் எப்போது ஏறுகிறது?

ஓரிரு நாள் ஓட்டும்போது கவனியுங்கள். தாப்பா பஸார் நெரிசலில், சிக்னலில் நிற்கும்போது ஏறி, சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால் விசிறிதான் காரணமாக இருக்கும். வேகமாகப் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும்.

டவுனில் ஒன்றும் இல்லாமல், கேமரன் மலைக்குப் போகும் ரிங்லட் ஏற்றத்தில் காய்கறி லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் ஏறுகிறதா? தண்ணீர் குறைவாக இருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்காமல் இருக்கலாம். காலையில் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஏறினால் தண்ணீர் மிகக் குறைந்துபோயிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கும்.

முள்ளை முழுசாக நம்பவும் கூடாது. முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சர் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் அடியோடு போய்விட்டால் அது வெறும் ஆவியில் நிற்கும், முள் சாதாரணமாகவே காட்டும், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். நன்றாக ஏறியிருந்த முள் திடீரென்று தானாக விழுந்தால் சந்தோஷப்படாமல் உடனே ஓரங்கட்டுங்கள்.

படி 2: விசிறி

பழைய இஸ்வாராவில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏர்கோனுக்கு ஒன்று என இரண்டு விசிறிகளைப் பார்க்கலாம். ஏர்கோன் போட்டதும் ஒன்று சுற்றுவதைப் பார்த்து "விசிறி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நாம் பார்க்க வேண்டியது மற்றது.

ஏர்கோனை அணைத்துவிட்டு, இன்ஜினை நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். முள் நடுவைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் விசிறி தானாகத் தொடங்க வேண்டும், சிறிது நேரம் ஓடி நிற்க வேண்டும். முள் தாண்டிப் போகிறது, விசிறி அசையவில்லை என்றால் அணைத்து ஆற விட்டு, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாற்றாதீர்கள், அடுத்து எரிவது வயராக இருக்கும். பிறகு பேட்டரி வயரைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கரகரவென்றோ இறுக்கமாகவோ இருந்தால் மோட்டாரின் ஆயுள் முடிந்தது.

அடுத்து மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி வயரை மீண்டும் மாட்டி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். கை, சட்டை, தலைமுடி எதுவும் இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேகமாகச் சுற்றி, காற்றை இன்ஜின் பக்கம் தள்ளினால் மோட்டார் நலம். முன் பக்கம் தள்ளினால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. சும்மா கிடந்து, திருப்புளிக் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று ஓடும், நாளை நடுவழியில் நிற்கும். மாற்றிவிடுங்கள். பழைய கார் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் மோட்டார் கிடைக்கும், ஆனால் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் நலம் என்றால் அடுத்தது, தண்ணீர் சூடானதும் விசிறியை ஓட்டும் தெர்மோ சுவிட்ச். இந்த வகைக் கார்களில் அது ரேடியேட்டரின் கீழ்ப் பகுதியில் திருகப்பட்டிருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, இரண்டு வயர் உள்ள கனெக்டராக இருந்தால் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். விசிறி ஓடினால் வயர், ரிலே, மோட்டார் எல்லாம் சரி, சுவிட்ச்தான் சந்தேகம். ஓடாவிட்டால் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைப் பாருங்கள். ஹோர்னுக்கும் அதே எண், அதே வடிவ ரிலே இருந்தால் இடம் மாற்றிச் சோதிக்கலாம். அதோடு மோட்டாரின் எர்த் வயர் பாடியில் மாட்டும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்ப் இங்கேதான் உதவும். சில ஜப்பானியக் கார்களில் இந்தச் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும், கனெக்டரைக் கழற்றினாலே விசிறி ஓடும். கம்ப்யூட்டர் விசிறியை ஓட்டும் புதிய கார்களில் சென்சரை இப்படி இணைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இனி, பலர் ஏமாறும் இடம். முள் உச்சியில் இருக்கிறது, சுவிட்ச் நலம், ஆனால் விசிறி ஓடவில்லை. ரேடியேட்டரின் கீழ்ப் பகுதியைத் தொட்டால் குளிர்ந்து கிடக்கிறது. சுவிட்சுக்குச் சுடுதண்ணீர் வந்தால்தானே அது விசிறியை ஓட்டும்? தெர்மோஸ்டாட் திறக்காவிட்டாலோ, தண்ணீர் குறைந்து சுற்றோட்டம் நின்றாலோ இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் சும்மா இருக்கும். வெளியே பார்த்தால் விசிறிக் கோளாறு. உள்ளே அது தண்ணீர்க் கோளாறு. புது விசிறி வாங்குவதற்கு முன் கீழே கை வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

விசிறியைச் சாவியோடு நேராக இணைத்து, எந்நேரமும் ஓடும்படி செய்துகொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வீடு வந்து சேர அது பரவாயில்லை. ஆனால் அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயர் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம்தான். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும்.

படி 3: தண்ணீர் எங்கே போகிறது?

இரவில் காருக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். ஏர்கோன் போட்டு ஓட்டிய கார் இடப் பக்கத்தில் தெளிந்த தண்ணீரைச் சொட்டினால் அது ஏர்கோன் தண்ணீர், கோளாறு அல்ல. பச்சையாகவோ சிவப்பாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் அது கூலண்ட், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம். நாவில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். தரையில் தேங்கினால் உடனே கழுவிவிடுங்கள். அதன் இனிப்புக்கு நாய் வாய் வைக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் காருக்குள் கம்பளம் நனைந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது என்பார்கள். இங்கே விற்ற பழைய கார்களில் பெரும்பாலும் ஹீட்டரே இல்லை. இடப் பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால் ஏர்கோன் வடிகுழாய் அடைத்திருக்கும். சூடானால் ஹீட்டரை முழுசாகப் போடு என்ற அறிவுரையும் இந்தக் கார்களுக்கு உதவாது.

அட்டையில் ஒன்றும் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் சூட்டில் மட்டும் ஒழுகி அங்கேயே காய்கிறது. டார்ச் அடித்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டிய இடத்தைத் தேடுங்கள். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தண்ணீர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை, இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகள். பம்ப் துளையில் வடிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பழைய புரோட்டோன்களில் பம்ப்பை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதைப் போமனிடம் விடுங்கள், பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

சேமிப்புத் தொட்டி நிரம்பி வழிகிறது, ரேடியேட்டரில் குறைகிறது என்றால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். சூட்டில் வெளியே போன தண்ணீரை ஆறியதும் திரும்ப இழுப்பது மூடிதான். ரப்பர் காய்ந்திருந்தால் அதே அழுத்த எண்ணுள்ள புது மூடி போடுங்கள். சில வெள்ளியில் முடியும் வேலை.

வெளியே எங்கும் இல்லையா? ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தாலோ, புகைக்குழாயில் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஓட்டும்போது ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், லோரியில் ஏற்றி அனுப்புங்கள்.

படி 4: நீங்களே செய்யக்கூடிய ரிப்பேர்

ஹோஸ் முனையில் ஒழுகினால், ஹோஸ் மற்ற இடத்தில் மென்மையாக இருந்து நீளமும் போதுமானால், முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, புது கிளிப் போட்டு மாட்டலாம். பிளாஸ்டிக் கழுத்தில் கிளிப்பை வெறிகொண்டு முறுக்காதீர்கள், உடையும். ஹோஸ் ஊதியிருந்தாலும் அமுக்கும்போது மொறுமொறுத்தாலும் புதியதுதான் வழி.

பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஒட்டு மருந்து தாற்காலிகம். ரேடியேட்டரில் ஒழுக்கடைக்கும் பொடியோ முட்டை வெள்ளைக்கருவோ ஊற்றுகிறவர்கள் உண்டு. அது ஒழுக்கோடு சேர்த்துக் குழாய்களையும் அடைக்கும். ரேடியேட்டரை மாற்றுவது கடினமல்ல, ஆனால் ஆட்டோ கியர் காராக இருந்தால் கியர் ஆயில் குழாய்களும் அதில் இணைந்திருக்கும். முதல் முறை செய்கிறவர் அதில் கை வைக்க வேண்டாம்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கார் என்றால் ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணும் லாலாங் புல்லின் பஞ்சும் செத்த பூச்சியும் அடர்ந்து, காற்றே போக இடமில்லாமல் இருக்கும். எந்தச் சாமானையும் மாற்றாமல், இதைக் கழுவினாலே சூடு இறங்கிய கார்கள் உண்டு. ஆறிய பின், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சாதாரணக் குழாய்த் தண்ணீரை அடியுங்கள். பிரஷர் பம்ப்பால் பக்கத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, இன்னும் மோசமாக அடைக்கும்.

படி 5: தண்ணீர் நிரப்புதல்

கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் வேண்டாம். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை; கூலண்ட் வேண்டியிருப்பது துருவைத் தடுக்க. கலந்து விற்கும் கூலண்ட்டை அப்படியே ஊற்றுங்கள், அல்லது கெட்டியானதை வாங்கி, போத்தலில் சொன்ன அளவில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்துகொள்ளுங்கள். வடித்தெடுத்த பழையதைச் சாக்கடையில் விடாமல் போத்தலில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஆறிய இன்ஜினில் மெதுவாக ஊற்றி நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். குமிழி வந்து அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்றதும் வாய் வரை நிரப்பி, தண்ணீர் பொங்கி வருவதற்குள் மூடிவிடுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பொறுத்திருங்கள். சேமிப்புத் தொட்டியில் அளவு கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். உள்ளே காற்று சிக்கியிருந்தால் எல்லாம் சரியாகச் செய்தும் முள் ஏறும். பயப்படாமல் ஆற விட்டு மறுபடி நிரப்புங்கள்.

அடுத்த சில காலைகள், காரை எடுக்கும் முன் தொட்டியின் அளவைப் பாருங்கள். அளவு நிலையாக நின்றால் கேமரன் சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரை ஓட்டிச் சோதிக்கலாம். விசிறி ஓடுகிறது, தண்ணீர் குறையவில்லை, தெர்மோஸ்டாட்டும் புதியது, ஆனாலும் ஏற்றத்தில் மட்டும் முள் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே துருவால் அடைத்திருக்கிறது. கழற்றி ரேடியேட்டர் கடையில் கொடுத்து உட்புறம் கழுவச் சொல்லுங்கள். தகடுகள் கையால் தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்திருந்தால் கழுவும் கூலியும் வீண், புதியதாகவே வாங்கிவிடுங்கள்.