பூட்டு திறந்து பழக முதல் பூட்டு: கடையில் சாவியைப் பார்த்து வாங்குங்கள்

சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பழக வேண்டும் என்று ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் கருவியைத்தான் தேடுகிறார்கள், எந்த பிக் (பூட்டுக்குள் விட்டு நோண்டும் மெல்லிய கம்பி) நல்லது, எந்த ரெஞ்ச் (உருளையைத் திருப்பிப் பிடிக்கும் வளைந்த கம்பி) நல்லது என்று. கருவியெல்லாம் அப்புறம். முதல் மாதம் எப்படிப் போகும் என்பது நீங்கள் கையில் எடுக்கும் பூட்டைப் பொறுத்தது, தப்பான பூட்டை எடுத்தால் விரல் வலிதான் மிச்சம்.

நான் முதலில் வேலூர் லாங் பஜாருக்குப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் நல்ல பூட்டாக ஒன்று கேட்டேன். "வீட்டுக்கா, கடைக்கா தம்பி?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, சும்மா நோண்டிப் பழகுறதுக்கு" என்றேன். "அதுக்கு இன்னா, ஏழு லீவர் எடுத்துக்கோ, ஆயுசுக்கும் வரும்" என்று எடுத்துக் கொடுத்தார். கதவுக்குப் போட அது நல்ல பூட்டுதான். ஆனால் நான் வாங்கி வைத்திருந்த பிக்குகள் பின் (pin) பூட்டுக்கானவை, அதாவது உள்ளே சின்னச் சின்ன உலோகக் குச்சிகள் இருக்கும் வகைக்கு. மூன்று வாரம் அந்த லீவர் பூட்டுக்குள் விட்டுக் குடைந்தும் ஒன்றும் அசையவில்லை, என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பூட்டுகளில் நிறைய லீவர் பூட்டுகள். உள்ளே தகடு தகடாக அடுக்கியிருக்கும், சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்குத் தூக்கப்பட்டால்தான் பூட்டு விடும். புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இந்த வழிதான். இதையும் திறக்க முடியும், 1851இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் நிறுவனத்தின் லீவர் பூட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். ஆனால் அதற்கு வேறு கருவி, வேறு பழக்கம். தொடங்குகிறவருக்குப் பின் பூட்டுதான் சரி.

கடையில் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பூட்டை விடுங்கள், சாவியைப் பாருங்கள். உருண்டைத் தண்டு நீளமாக வந்து நுனியில் மட்டும் கம்பத்துக் கொடி மாதிரி பல் இருந்தால் லீவர், அட்டைப்பெட்டியிலும் ஆறு லீவர், ஏழு லீவர் என்று எழுதியிருக்கும். சாவி தட்டையாக இருந்து, ஒரு ஓரம் முழுக்க ரம்பம் போல ஏறி இறங்கினால் பெரும்பாலும் பின் பூட்டு. தட்டையான பக்கத்தில் குழி குழியாக இருந்தால் கடையில் அதைக் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள், அதுவும் பின் பூட்டுதான், ஆனால் முதல் பூட்டாக வேண்டாம். பீரோ, மேசை டிராயரில் வரும் சின்னப் பூட்டுகளில் பலவற்றில் பின்னுக்குப் பதில் மெல்லிய தகடுகள்தான் இருக்கும், சீக்கிரம் திறந்துவிடும், கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

பின் பூட்டின் உள்ளே நடப்பது இதுதான். சாவி நுழையும் உருளையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சாவிப் பின், அதன் மேல் இன்னொரு பின், அதற்கு மேல் ஸ்பிரிங். இரண்டு பின்னும் சேரும் இடம் உருளையின் விளிம்புக் கோட்டுக்கு நேராக வந்தால் உருளை சுழலும். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861இல் காப்புரிமை வாங்கிய அதே அமைப்பு. துளைகள் ஒரே நேர்கோட்டில் அச்சு அசலாக விழுவதில்லை, அதனால் ரெஞ்சால் லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே சமயத்தில் இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடி மெதுவாகத் தூக்கினால் ரொம்பச் சின்னதாக ஒரு 'டிக்', உருளை ஒரு மயிரிழை நகரும். அந்த டிக் விரலுக்குப் புரிவதுதான் இந்தப் பழக்கத்தின் உயிர், அது தெளிவாகக் கேட்கிற பூட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

என் தேர்வு கதவுக்குப் போடும் ஐந்து பின் சிலிண்டர், அதாவது உருளையும் அதைச் சுற்றிய கூடும் சேர்ந்த பகுதி. தொங்கு பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பலவற்றில் உருளையைப் பழைய இடத்துக்கே திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் இருக்கும், அதை எதிர்த்து அழுத்தவேண்டி வருவதால் எது பின், எது ஸ்பிரிங் என்று புதியவருக்குக் குழம்பும். தொங்கு பூட்டுதான் வேண்டுமென்றால் நாற்பது மில்லிமீட்டர் அளவில் பித்தளையில் எடுங்கள், சின்னதில் சாவித் துவாரத்துக்குள் பிக்கும் ரெஞ்சும் சேர்ந்து நுழையாது. சிலிண்டர் காயலான் கடையில் பழைய கதவுச் சாமானோடு கிடைக்கும். சாவி இல்லாமல் வாங்காதீர்கள், சாவி இருந்தால்தான் கழற்றிப் பார்க்க முடியும். சாவியின் வெட்டு மென்மையாக ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். ஆழமான வெட்டுக்குப் பக்கத்திலேயே உயரமான பல் இருந்தால், ஒரு பின்னைத் தூக்கப்போய் பக்கத்துப் பின்னும் சேர்ந்து ஏறிவிடும்.

சிலிண்டரை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், பின்களைக் குறைக்கலாம். முதலில் ஒரே ஒரு பின், அது பழகியதும் இரண்டு, அப்புறம் மூன்று. ஃபேனை நிறுத்திவிட்டு, எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள், மே மாத வேலூரில் வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை, அந்த ஸ்பிரிங் காற்றில் பறந்தால் கிடைக்காது. உருளையின் முனையில் இருக்கும் சின்ன வளையத்தைக் கழற்றி, சாவியை விட்டு லேசாகத் திருப்பி, உருளையை வெளியே தள்ளும்போதே அதே பருமனுள்ள மரக்குச்சி ஒன்று பின்னாலேயே இடைவெளியில்லாமல் நுழைய வேண்டும். குச்சி இல்லாமல் இழுத்தால் மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் மொத்தமாகத் தெறிக்கும்.

உள்ளே தெரியும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பூட்டுகள் விற்கிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு நாள் போதும், அதோடு அதை வைத்துவிடுங்கள். துளைகள் தளர்ந்து இருப்பதால் எப்படி ஆட்டினாலும் திறக்கும், கண்ணால் பார்த்தே திறக்கப் பழகிவிடுவீர்கள், விரல் அப்படியே இருக்கும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டும் பழகுங்கள், அதிலும் கதவில் மாட்டிப் புழங்குகிற பூட்டு வேண்டாம். வாடகை வீட்டுப் பூட்டு உங்களுடையது இல்லை. நான் எங்கள் வீட்டு வாசல் சிலிண்டரிலேயே ஒருநாள் பழகினேன், திறந்துகொண்ட சந்தோஷத்தில் உருளையை அரைச் சுற்று தலைகீழாகத் திருப்பிவிட்டேன், மேல் பின்கள் சாவித் துவாரத்தின் அகலமான பக்கத்துக்குள் இறங்கி இறுகிவிட்டன. அம்மா சந்தையிலிருந்து பையோடு வந்து ஒரு மணி நேரம் வாசலில் நின்றார், டூப்ளிகேட் சாவி போடுகிறவர் வந்து மெல்லிய தகட்டால் பின்களை மேலே தள்ளித்தான் திறந்தார்.

பூட்டு இறுக்கமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்த் தூசி அதில் ஒட்டிப் பிசுபிசுத்து, பின் நகர்வது விரலுக்கே தெரியாமல் போகும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போடுங்கள், இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவியில் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள்.