ஹாஸ்டல் அறையில் மனச்சோர்வு பிடித்துக்கொண்டால்

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, பிடித்த கிரிக்கெட்கூடச் சலித்து, மெஸ்ஸுக்கு இறங்கிப் போகவே மனம் வரவில்லை என்றால், சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மூடு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், இதில் முதலில் செயல், அப்புறம்தான் மனம்: பல் தேய்த்துவிட்டு ரூம்மேட்டோடு டீக்கடை வரை நடந்தால் அன்றைக்கு அது போதும். வீட்டில் "எனக்கு டிப்ரஷன்" என்று ஆரம்பித்தால் அம்மா பயந்துவிடலாம். "சரியாத் தூங்க முடியலம்மா, டாக்டரைப் பார்க்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல், பக்கத்து அறையில் யாரையாவது எழுப்பிவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.