இரண்டு ஆன்டெனா மாட்டியும் அப்லோடு ஏறவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண சீசன் வந்துவிட்டால் வள்ளியூர், பணகுடி, களக்காடு பக்கத்து ஸ்டுடியோக்காரர்களிடம் ஒரே புலம்பல்தான். டவுன்லோடு பிய்த்துக்கொண்டு போகிறது, எடிட் செய்த வீடியோவை ஏற்ற உட்கார்ந்தால் விடிந்துவிடுகிறது. இதற்காகவே 5ஜி ரவுட்டரும், மாடியில் மாட்ட ஜோடி ஆன்டெனாவும் வாங்குகிறார்கள். காசு போகிறது, வேகம் வருவதில்லை. பெரும்பாலும் குறை கருவியில் இல்லை, மாட்டிய விதத்தில் இருக்கிறது.

முதல் தவறு, சிக்னல் கட்டத்தை நம்புவது. டவர் அனுப்புவது நமக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் அந்தக் கட்டம் காட்டும். நாம் அனுப்புவது டவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதைச் சொல்லாது. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. நம் போனுக்கும் ரவுட்டருக்கும் வழக்கமான உச்சவரம்பு 23 டிபிஎம், அதாவது வெறும் 200 மில்லிவாட். அலைவரிசை உயர உயர இழப்பும் கூடும். ஒரே தூரத்தில், ஒரே திறன் கொண்ட ஆன்டெனாக்களோடு பார்த்தால், 700 மெகாஹெர்ட்ஸில் போய்ச் சேரும் சக்தியில் 25இல் ஒரு பங்குதான் 5ஜி அதிகம் ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸில் சேரும். டவரில் 32, 64 என்று ஆன்டெனாக்களை அடுக்கி, அத்தனையிலும் விழும் சத்தத்தைச் சேர்த்துக் கேட்பதால்தான் நம் குரல் அங்கே எட்டுகிறது. போதாததற்கு, இந்த 3,500 அலைவரிசையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பாதையில் முறைவைத்து நடக்கிறது. பெரும்பகுதி நேரம் டவுன்லோடுக்குப் போய்விடும். நமக்கு மிஞ்சுவது கால்வாசி அளவுதான்.

ஆகவே, கையில் இருக்கும் அந்த 200 மில்லிவாட்டை வீணாக்காமல் இருப்பதுதான் முழு வித்தையும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'டிரான்ஸ்மிட் பவர்' என்ற எண் இருந்தால், அப்லோடு ஓடும்போது அதைப் பாருங்கள். 23லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கருவி தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். 10, 12 என்று இருந்தால் சக்தி மிச்சம் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் டவரின் நெரிசலாக இருக்கலாம், ஆன்டெனாவில் காசைப் போடாதீர்கள்.

இரண்டு ஆன்டெனா என்றால் இரட்டிப்பு வேகம் என்று நினைப்பது அடுத்த தவறு. மைமோ என்றால் ஒரே நேரத்தில் பல ஆன்டெனாக்களில் பேசிக் கேட்கும் முறை. பெட்டியில் '4×4 மைமோ' என்று போட்டிருப்பது பெரும்பாலும் சிக்னலை வாங்கும் பக்கத்துக் கணக்கு. நான்கு ஆன்டெனாவில் கேட்டு, ஒன்றே ஒன்றில் பேசும் போன்கள் ஏராளம். 'அப்லிங்க் மைமோ', அதாவது அனுப்பும் பக்கத்து மைமோ, என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 4ஜியோடு சேர்ந்து ஓடும் 5ஜியில் ஒரு டிரான்ஸ்மிட்டர் 4ஜிக்கே போய்விடுவதும் உண்டு. தனித்து ஓடும் 5ஜியில் அந்தத் தொல்லை இல்லை. டேட்டாவை இரண்டு ஆன்டெனாவிலும் இரண்டு ஓடைகளாகப் பிரித்து அனுப்பும்போது மொத்தச் சக்தியும் இரண்டாகப் பிரியும். டவர் பக்கத்தில் இருந்தால் அது லாபம். தூரத்தில் இருந்தால் ஒரே ஓடையாக அனுப்புவதே மேல், நெட்வொர்க்கும் அதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இனிதான் வருகிறது. ராதாபுரம், உவரி பக்கம் வெட்டவெளி. அலை பட்டுத் திரும்ப உயரமான கட்டடம் கிடையாது. பாளையங்கோட்டை மாதிரி நெருக்கமான ஊரில் அலைகள் பல சுவர்களில் பட்டுப் பல வழியாக டவருக்குப் போகும், இரண்டு ஓடைகளும் தாமே பிரிந்து தெரியும். வெட்டவெளியில் அப்படி நடக்காது. அங்கே இரண்டு ஆன்டெனாவையும் ஒரே மாதிரி நிமிர்த்தி வைத்தால், டவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, மற்றதை வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்து மாட்ட வேண்டும். டவர் ஆன்டெனாவும் பெரும்பாலும் அப்படிச் சாய்வாகத்தான் இருக்கிறது.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பணகுடிப் பக்கம் ஒரு வீட்டில் ஆன்டெனா மாடியில், ரவுட்டர் கீழே கூடத்தில். நடுவே பத்து மீட்டர் மெல்லிய ஆர்ஜி 58 கேபிள். 3.5 கிகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டெசிபலைத் தின்றுவிடும். பத்து மீட்டருக்குப் பத்து டெசிபல், அதாவது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஆக 200 மில்லிவாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது 20. வெளியில் வைக்கும் ரவுட்டராகவே வாங்கி மாடியில் மாட்டி, கரண்டையும் டேட்டாவையும் ஒரே ஈதர்நெட் வயரில் கொண்டுபோங்கள். அந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும்.

தகரக் கூரைக்குக் கீழேயோ தண்ணீர் டேங்குக்குப் பின்னாலேயோ மாட்டாதீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் கிளாம்ப் தளர்ந்து திரும்பிவிடும், காற்று ஓய்ந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் கனெக்டர்களை நீர்புகா டேப்பால் சுற்றிவிடுங்கள். 26 கிகாஹெர்ட்ஸ் சேவையாக இருந்தால் டவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு வேப்பமரம் நின்றாலே போச்சு.

அப்புறம், கடையில் கிடைக்கும் உரிமம் இல்லாத பூஸ்டர். அதை வைப்பது சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, கண்ட இரைச்சலையும் பெருக்கி டவரின் காதில் கொட்டும். டவருக்கு நம் மெல்லிய குரல் கேட்பதே பெரும்பாடு என்னும்போது, ஒரு வீட்டுப் பூஸ்டர் தெருவில் இருக்கும் அத்தனை பேரின் அப்லோடையும் படுக்க வைத்துவிடும். ஆன்லைனில் பாடத்தை அனுப்பும் பிள்ளைக்கும் அதே டவர்தான். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்து டவர் ரொம்ப தூரம் என்றால், ரவுட்டரை '5ஜி மட்டும்' என்று பூட்டி வைக்காதீர்கள். தாழ்ந்த அலைவரிசையில் ஓடும் 4ஜி அப்லோடுக்கு இதைவிட நன்றாகவே இருக்கக்கூடும். இரண்டையும் பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அப்லோடு வேகத்தில் எது கூடுதலோ அதிலேயே விட்டுவிடுங்கள்.