மெதூசாவைச் சபித்தது யார்? கிரேக்கத் தொன்மங்களை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுத முன்வரும் இளைஞர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அவ்வப்போது வந்து சேர்கிறது. சிறுவர் இதழுக்கான தொடர், மேடை நாடகம், கதைசொல்லல் நிகழ்ச்சி என வடிவம் எதுவாயினும், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஜீயஸுக்கு உடன்பிறந்தோர் எத்தனை பேர், மினோடோர் அடைபட்டுக் கிடந்தது எந்தத் தீவில் என்பன போன்ற விவரப் பிழைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. எந்தக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினாலும் அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். கதையின் அடித்தளத்தையே சாய்த்துவிடும் தவறுகள் வேறு வகையானவை.

ரோமானியரான ஓவிட் சொன்னதைக் கிரேக்கர் தலையில் கட்டுவது

மெதூசாவைப் பற்றி என்னிடம் வரும் கைப்பிரதிகள் ஏறத்தாழ எல்லாமே ஒரே கதையைத்தான் சொல்கின்றன. மெதூசா பேரழகி, அதீனாவின் கோயிலில் பூசாரி. கடற்கடவுள் பொசைடன் அந்தக் கோயிலுக்குள்ளேயே அவளை வன்புணர்வு செய்கிறான். அதீனாவோ குற்றவாளியை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவளின் கூந்தலைப் பாம்புகளாக்கிச் சபிக்கிறாள். இந்தக் கதைக்குத் தலைப்பாகவோ முன்னுரையாகவோ “கிரேக்க மூலத்தின்படி” என்ற சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகிறது. கதையின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தச் சொற்றொடர்தான் எத்தனை முறை பார்த்தாலும் என் பொறுமையைச் சோதிக்கிறது.

நம் கைக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்று கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடிய ‘தியோகோனி’. கி.மு. 700-ஐ ஒட்டிய நூல் அது. அதில் மெதூசா பெண்ணாகப் பிறந்து பின்னர் உருமாறியவள் அல்லள். ஃபோர்சிஸ், செட்டோ என்னும் கடல்தெய்வங்களுக்குப் பிறந்த கோர்கன்கள் என்னும் மூன்று அரக்கியருள் ஒருத்தி. ஸ்தெனோ, யூரியாலே ஆகிய மற்ற இருவரும் சாவற்றவர்கள், அவள் மட்டும் சாகக்கூடியவள். பொசைடன் அவளோடு கூடியது வசந்தகால மலர்கள் விரிந்த மெத்தென்ற புல்வெளியில் என்கிறார் ஹெசியோட். அங்கே கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. வீரன் பெர்சியஸ் அவள் தலையைக் கொய்தபோது அவளுடைய பிள்ளைகளான பெகாசஸ் என்னும் சிறகுள்ள குதிரையும் கிரிசாவோரும் வெளிப்பட்டார்கள் என்பதோடு அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது.

சிற்பங்களும் பானை ஓவியங்களும் இதையே உறுதிப்படுத்துகின்றன. எலியூசிஸில் கிடைத்த, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பெரிய சாடி ஒன்றில், தலையிழந்த மெதூசா கிடக்க, மற்ற இரு கோர்கன்களும் பெர்சியஸைத் துரத்த முனைகிறார்கள். அவர்களுடைய தலைகளை ஓவியர் பாம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கல அண்டாக்களைப் போல வரைந்திருக்கிறார். இடையில் நின்று வழிமறிப்பவள் அதீனா. கோர்ஃபு தீவில் கி.மு. 580 அளவில் எழுந்த ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில் நடுநாயகமாக நிற்பதும் கோர்கன்தான்: அகன்ற முகம், வெளித்தள்ளிய நாக்கு, இடுப்பில் முடிச்சிட்ட இரண்டு பாம்புகள், இருபுறமும் அவளுடைய பிள்ளைகள். தலை இன்னும் உடலோடு இருக்கையிலேயே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள் என்பது அந்தச் சிற்பியை உறுத்தவே இல்லை. பார்ப்பவரை அச்சுறுத்தி விலக்கும் காவல் முகமாக அது அங்கே இருந்திருக்கிறது. அதைக் கண்டு யாரும் இரக்கப்பட வேண்டும் என்று அவர் எண்ணியதற்கு அறிகுறியே இல்லை.

மெதூசாவை அழகியாக்கும் போக்கு கிரேக்கர்களிடமே பின்னர் தோன்றியதுதான். கி.மு. 490-இல் பிண்டார் பாடிய ஒரு வெற்றிப்பாடலில் அவளுடைய கன்னங்களின் அழகு பேசப்படுகிறது. ஆயினும் கோயிலில் நடந்த வன்கொடுமை, அதற்குப் பதிலாகப் பாம்புக் கூந்தல் என்ற நிகழ்ச்சித் தொடரை நமக்கு முழுமையாகத் தருபவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். அவருடைய ‘மெட்டமார்ஃபசிஸ்’ கி.பி. 8-ஐ ஒட்டி முடிந்தது. பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துத் தோமிஸ் நகருக்கு நாடு கடத்திய ஆண்டும் அதுவே. ஹெசியோடுக்கும் அவருக்கும் இடையே எழுநூறு ஆண்டுகள் இருக்கின்றன, மொழியும் வேறு, நாடும் வேறு. அவருக்குப் பின் கிரேக்க மொழியில் தொகுக்கப்பட்ட அப்பொல்லோடோரஸின் நூலோ மற்றொரு காரணத்தைப் பதிவு செய்கிறது: அழகில் அதீனாவுக்கு நிகராக விரும்பியதால்தான் மெதூசாவின் தலை துண்டிக்கப்பட்டது என்று சிலர் கூறுகிறார்களாம்.

பூசாரி என்ற விவரம் ஓவிடிடம்கூட இல்லை. அவர் சொல்வது, பலர் மணக்க விரும்பிய அழகி என்பது மட்டுமே. பூசாரிப் பட்டம் பின்னால் வந்தவர்கள் சூட்டியது. மாறாக, ஓவிடிடம் உண்மையிலேயே இருக்கும் ஒரு நுட்பத்தை எல்லோரும் தவற விடுகிறார்கள். இந்தக் கதையை அவர் தம் குரலில் சொல்வதில்லை. பெர்சியஸின் திருமண விருந்தில் ஒருவர், சகோதரிகளுள் மெதூசாவுக்கு மட்டும் ஏன் பாம்புக் கூந்தல் என்று கேட்க, அவளைக் கொன்ற பெர்சியஸே விடை சொல்கிறான். கொன்றவன் வாயால் கொல்லப்பட்டவளின் துயரம் வெளிவருகிறது, அதுவும் விருந்துப் பேச்சாக. நாடகம் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்? “கிரேக்க மூலம்” என்ற முத்திரையைக் குத்தியவுடன் ஓவிட் மறைந்துவிடுகிறார், அவரோடு இந்தக் காட்சியும் மறைந்துவிடுகிறது.

வால்மீகியின் அகலிகை யார் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பரின் அகலிகை கல்லாகிறாள். ஒருவர் சொன்னதை மற்றவர் பெயரில் எழுதினால் நம் வாசகர்கள் அன்றே கடிதம் போட்டுவிடுவார்கள். அந்த விழிப்பு கிரேக்கக் கதைகளுக்கு வரும்போது ஏனோ உறங்கிவிடுகிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒரு நாடகக் குழுவினர் முதல் பாதியில் மெதூசாவையும் இரண்டாம் பாதியில் ஹோமரின் ஒடிசி காவிய நாயகன் ஒடிசியஸ் நாடு திரும்புவதையும் வைத்து ஒரு பிரதி எழுதினார்கள். அதீனாவாக இரண்டு பாதியிலும் ஒரே நடிகை. ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அவர் ஓர் இயல்பான ஐயத்தை எழுப்பினார். ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் தண்டித்த அதே தெய்வம், இத்தாக்கா கடற்கரையில் ஒடிசியஸ் கூசாமல் பொய் சொல்லும்போது புன்னகைத்து அவனைக் கையால் வருடிக் கொடுக்கிறதே, இதை ஒரே மனநிலையோடு எப்படி நடிப்பது? ஹோமரின் அதீனாவும், அவளுக்கு ரோமானியர் இட்ட பெயரில் வரும் ஓவிடின் மினர்வாவும் ஒரே ஆள் அல்லர் என்று அங்கே இருந்த எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பிரதியாசிரியர் அதற்குப் பதிலாக, அதீனா மெதூசாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கதறும் நீண்ட தனிமொழி ஒன்றை எழுதிச் சேர்த்தார். அது ஹோமருக்கும் பொருந்தவில்லை, ஓவிடுக்கும் பொருந்தவில்லை. அரங்கேற்றம் நெருங்கிய வேளையில் இரண்டாம் பாதியையே கைவிட்டார்கள். அதற்காகச் செய்த படகும் உடைகளும் வீணாயின. துண்டறிக்கையில் மட்டும் “கிரேக்க மூலக் கதை” என்ற சொற்கள் அப்படியே இருந்தன.

கட்டுரையாளர்கள் இதே தவறைச் செய்யும்போது விளைவு இன்னும் மோசமாகிறது. பண்டைய ஏதென்ஸில் பெண்களின் நிலை எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாக மெதூசாவின் சாபத்தை எடுத்து வைக்கிறார்கள். அந்தச் சாபம் எதற்கேனும் சான்றென்றால், அகஸ்டஸ் ஆண்ட ரோமில் ஒரு கவிஞர் அதிகாரத்தை எப்படிப் பார்த்தார் என்பதற்கே சான்று. அவருடைய நூலின் ஆறாம் பகுதியில் நெசவுக்காரி அராக்னி தன் துணியில் தெய்வங்களின் அத்துமீறல்களை வரிசையாக நெய்கிறாள். பொசைடனும் மெதூசாவும் அந்த வரிசையிலும் வருகிறார்கள். வலியோர் செய்த குற்றத்துக்கு எளியோர் தண்டனை பெறுவது ஓவிட் விடாமல் திரும்பத் திரும்பத் தொடும் பொருள். இன்றைய காலத்துக்கு அவர் மெதூசா பொருந்துவதால்தான், பெர்சியஸின் தலையைக் கையில் ஏந்திய மெதூசாவின் சிலை 2020-இல் நியூயார்க் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே வைக்கப்பட்டது. ஓவிடின் மெதூசாவைத் தாராளமாக எழுதுங்கள். “ஓவிட் சொன்ன கதை” என்று முதல் பத்தியிலேயே ஒரு வரி போட்டுவிட்டு எழுதுங்கள்.

அக்கிலிஸின் குதிகாலை இலியட்டில் தேடுவது

ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் தொடங்குவது கிரேக்க வீரன் அக்கிலிஸின் சினத்தில், முடிவது ட்ராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கில். ட்ராயை வீழ்த்திய மரக்குதிரையும் அதில் இல்லை, அக்கிலிஸின் சாவும் அதில் இல்லை. குதிரையைப் பற்றி ஹோமரிடம் படிக்க வேண்டுமானால் ஒடிசிக்குப் போக வேண்டும். அங்கேயும் அது பிறர் நினைவுகூர்ந்து சொல்லும் பழங்கதையாகவே வருகிறது.

அக்கிலிஸின் உடலில் குதிகாலை மட்டுமே ஆயுதம் துளைக்கும் என்ற கதையைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது. இலியட்டின் இருபத்தோராம் பகுதியில், இரு கைகளாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறியவல்ல ஆஸ்டெரோபியஸ் என்ற வீரனின் ஓர் ஈட்டி அக்கிலிஸின் வலக்கையைக் கீறிவிட, கருங்குருதி பீறிடுகிறது. தாய் தீட்டிஸ் குழந்தையைக் கீழுலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் தோய்த்தாள் என்பதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டாட்டியஸிடம்தான் முதன்முதலில் படிக்கிறோம். இது வெறும் தேதிக் கணக்கு அன்று. நெடுநாள் புகழின்றி வாழ்வதா, போரிட்டுப் புகழோடு இளமையில் சாவதா என்ற தேர்வு தன் முன் இருப்பதாக அக்கிலிஸ் ஒன்பதாம் பகுதியில் சொல்கிறான். ஆயுதம் எதுவும் தீண்டாத உடலை அவனுக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் இருக்கும்?

பண்டோராவின் பெட்டி

பண்டோரா திறந்து உலகில் துன்பங்களைப் பரவவிட்டது ஹெசியோடிடம் பெட்டி அன்று, தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய மண்சாடி.

ஹேடிஸை எமனாக்குவது

தமிழில் எழுதும்போது கீழுலகக் கடவுள் ஹேடிஸுக்கு இந்த ஒப்புமை தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு உரித்தெடுப்பது எளிதன்று. எமன் பாசக்கயிற்றோடு உயிரைக் கவர வருபவன், நீதி வழங்குபவன். ஹேடிஸ் இந்த இரண்டு வேலைகளையும் செய்வதில்லை. ஜீயஸ், பொசைடன், ஹேடிஸ் ஆகிய மூவரும் சீட்டுப் போட்டு உலகைப் பிரித்துக்கொண்டபோது வானம் ஜீயஸுக்கும் கடல் பொசைடனுக்கும் கீழுலகம் ஹேடிஸுக்கும் விழுந்தன என்று இலியட் கூறுகிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களை வெளியே விடாமல் ஆள்வதே அவன் தொழில்.

உயிரைக் கொண்டுபோக வருபவன் தனடோஸ். கி.மு. 438-இல் மேடையேறிய யூரிபிடிஸின் நாடகத்தில் அரசி அல்செஸ்டிஸை அழைத்துச் செல்ல வருபவன் அவனே. ஹெராக்ளிஸ் அவனோடு மற்போரிட்டு அவளை மீட்டு வருகிறான். இறந்தவர்களுக்கு வழிகாட்டுபவன் ஹெர்மிஸ், அவர்களிடையே வழக்குத் தீர்ப்பவன் மினோஸ். ஹேடிஸை நரகத்தின் கொடியவனாகச் சித்திரிக்கும் திரைப்பட வழக்கமும் இதே குழப்பத்தில் எண்ணெய் ஊற்றுகிறது. கிரேக்கர்கள் அவனுக்குக் கோயில் கட்டுவதே அரிது. எலிஸ் நகரத்தில் இருந்த ஒன்றைப் பற்றிக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதியிருக்கிறார்: ஆண்டுக்கு ஒரு முறைதான் அது திறக்கப்படும், அப்போதும் பூசாரியைத் தவிர வேறெவரும் உள்ளே போக முடியாது.

ரோமப் பெயரும் கிரேக்கப் பெயரும்

ஒரே பக்கத்தில் ரோமப் பெயரான வீனஸும் கிரேக்கப் பெயரான பொசைடனும் வேண்டாம்.

ஹெராக்ளிஸின் பன்னிரு பணிகளைச் சாகசப் பட்டியலாக்குவது

சிங்கம், பல தலைப் பாம்பான ஹைட்ரா, பன்றி, தொழுவம் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போவது சிறுவர் தொடர்களின் வழக்கம். அவன் ஏன் ஒரு கோழை அரசனின் ஏவலுக்குக் கட்டுப்பட்டான் என்ற கேள்விக்கு அந்தத் தொடர்களில் விடை கிடைக்காது. அப்பொல்லோடோரஸின்படி, ஜீயஸின் மனைவி ஹீரா ஏவிய பித்தில் அவன் தன் பிள்ளைகளைத் தீயில் எறிந்து கொன்றுவிட்டான். அதற்கான கழுவாயாகவே அந்த அரசன் யூரிஸ்தியஸிடம் பணி செய்கிறான். விதிக்கப்பட்டவை பத்துப் பணிகளே. ஹைட்ராவைக் கொல்லும்போது தம்பி மகன் அயோலாஸ் உதவினான் என்றும், ஆஜியஸின் தொழுவத்தைக் கழுவக் கூலி கேட்டான் என்றும் சொல்லி யூரிஸ்தியஸ் இரண்டைக் கழித்ததால் பன்னிரண்டாயின. கணக்குப் பார்த்து வேலை வாங்கும் முதலாளியின் இந்தச் சூழ்ச்சியைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

யூரிபிடிஸ் இந்த வரிசையையே தலைகீழாக்கினார். அவருடைய நாடகத்தில் ஹெராக்ளிஸ் பணிகளையெல்லாம் முடித்து, கீழுலகின் காவல் நாய் கெர்பெரஸையும் பிடித்துவிட்டு வீடு திரும்பி, எதிரியிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய அன்றே பித்தேறி மனைவியையும் பிள்ளைகளையும் கொல்கிறான். ஒரு வடிவத்தில் உழைப்பு குற்றத்துக்கு விலையாகிறது. மற்றொன்றில் எத்தனை உழைத்தாலும் தெய்வத்தின் பகை தீர்வதில்லை. இரண்டையும் ஒரு தொடரில் கலந்தால் பிள்ளைகள் இரண்டு முறை சாவார்கள். ஒரு கைப்பிரதியில் உண்மையாகவே அப்படி நடந்திருந்தது.

ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயிலில் பன்னிரு பணிகளையும் கல்லில் செதுக்கியவர்கள் சிங்கத்தைக் கொன்ற காட்சிக்கு எடுத்துக்கொண்ட தருணத்தைப் பாருங்கள். இன்னும் தாடி முளைக்காத ஹெராக்ளிஸ் செத்த சிங்கத்தின் மீது ஒரு காலை வைத்து, களைத்துப் போய்த் தலையைக் கையில் தாங்கி நிற்கிறான். வெற்றி முழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. கொலையைச் சொல்ல வேண்டாம் என்று பதிப்பாசிரியர் கருதினால், பெரிய குற்றம் ஒன்றுக்கு ஈடாக உழைக்கிறான் என்ற ஒரு வரியையாவது முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும்.

ஹெஸ்தியாவின் தியாகம்

மதுக்கடவுள் டயோனைசஸுக்கு இடம் கொடுப்பதற்காக அடுப்புத் தெய்வம் ஹெஸ்தியா ஒலிம்பஸில் தன் அரியணையை மனமுவந்து துறந்தாள் என்ற கதை இணையம் எங்கும் பரவியிருக்கிறது. பழைய கிரேக்க நூல் எதிலும் அது இல்லை. ஒலிம்பஸ் தெய்வங்கள் பன்னிருவர் யார் என்ற பட்டியல் ஊருக்கு ஊர் மாறியது. பார்த்தினன் கோயிலின் கிழக்குப் பக்கச் சிற்பவரிசையில் அமர்ந்திருக்கும் பன்னிருவருள் டயோனைசஸ் இருக்கிறான், ஹெஸ்தியா இல்லை. வேறு இடங்களில் அவளும் எண்ணப்பட்டாள். இரண்டு பட்டியல்கள் ஒத்துப்போகாததை விளக்குவதற்கு யாரோ பிற்காலத்தில் புனைந்த காட்சியை எடுத்துச் சிறுவர் நூலில் போடுபவர்கள், அது பிற்காலப் புனைவு என்பதையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்துவிடட்டும்.