ஒன்ராறியோவில் வீட்டு வரி: பில் வருமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வீட்டு விலை ஏறினால் வரியும் ஏறும் என்றுதான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். கணக்கு தொடங்குவது வேறு இடத்தில். வரும் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று நகரசபை முதலில் தீர்மானிக்கும். மானியம், கட்டணம், அபராதம் போன்ற வரவுகளைக் கழித்தபின் மிஞ்சும் தொகைதான் சொத்து வரியாகப் பிரிகிறது. துண்டு விழும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற இங்கே சட்டம் இடம் தராது. ஆகவே பனி அள்ளும் செலவு கூடினால் ஒன்றில் வேறொரு சேவை குறையும், அல்லது சேமிப்பு நிதியில் கை வைப்பார்கள், இல்லையேல் வரி ஏறும்.

ஒரு நகரத்தின் செலவு 100 மில்லியன் டொலர், மற்ற வரவுகள் 40 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 மில்லியன். நகரிலுள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 பில்லியன் என்றால் வரி விகிதம் 1.2 சதவீதம். (கடை, தொழிற்சாலைகளுக்கு விகிதம் வேறு, இங்கே விட்டுவிடுவோம்.) 400,000 டொலர் மதிப்பிட்ட வீட்டுக்கு 4,800 டொலர். மாகாண அரசு விதிக்கும் கல்வி வரி 0.153 சதவீதம், அதாவது 612. ஆக 5,412 டொலர். எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரேயடியாக இரட்டித்தால் நகரத்தின் விகிதம் பாதியாகும். அந்த 4,800 மாறாது.

மதிப்பைப் போடுவது நகரசபை அல்ல, மாகாணம் முழுவதற்கும் பொதுவான எம்பாக் (MPAC) என்ற நிறுவனம். அது இன்னமும் 2016 ஜனவரி 1 விலையையே எடுக்கிறது. 2020இல் நடக்கவேண்டிய மறுமதிப்பீடு கோவிட்டால் தள்ளிப்போனது. நீங்கள் வாங்கிய விலையைவிடப் பில்லில் மிகக் குறைந்த தொகை தெரிந்தால் பிழை என்று எண்ணவேண்டாம். ஆனால் பேஸ்மென்ட், சதுர அடி, காணியின் அளவு சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று எம்பாக்கின் இணையத்தளத்தில் பாருங்கள். பிழை இருந்தால் அந்த வரி ஆண்டின் மார்ச் 31க்குள் மறுபரிசீலனை கேட்கலாம். வீட்டுக்காரருக்கு இதற்குக் கட்டணம் இல்லை.

பிக்கரிங், ஏஜாக்ஸ் போன்ற இடங்களில் பில் மூன்று பங்காக வரும்: நகரம், டுர்ஹம் பிராந்தியம், கல்வி. தீயணைப்பு, நூலகம், பூங்கா நகரத்தின் பொறுப்பு; பொலிஸும் பேருந்தும் பிராந்தியத்தினுடையவை. ‘வரி 5 சதவீதம் கூடுகிறது’ என்று செய்தி வந்தால், அது முழுப் பில்லுக்கா, நகரத்தின் பங்குக்கு மட்டுமா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

நகரத்தின் வரவு செலவு பற்றிப் பேசவேண்டிய காலம் பனிக்காலம்தான். கூடுதல் அதிகாரம் பெற்ற மேயர்கள் உள்ள நகரங்களில் மேயர் பெப்ரவரி 1க்குள் வரவு செலவுத் திட்ட வரைவை வைக்கவேண்டும். சபைக்கு அதைத் திருத்த 30 நாள். திருத்தங்களை மேயர் தடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கிருந்தால் சபை அந்தத் தடையை நீக்கும். நகர எழுத்தர் அலுவலகத்தில் முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் கூட்டத்தில் நீங்களும் பேசலாம். நம்மவர்கள் கோடையில் இறுதிப் பில் கைக்கு வந்தபிறகு கோபப்படுகிறார்கள். அப்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் வருவது இடைக்காலப் பில், பொதுவாகச் சென்ற ஆண்டு வரியின் பாதி வரை. அதைப் பார்த்து இந்த ஆண்டின் வரியைக் கணக்கிட முடியாது.

பலரைத் திணறவைப்பது புது வீடு. முதல் பில்லில் வெறும் காணிக்கு மட்டும் வரி இருக்கும், சில நூறு டொலர். ‘இவ்வளவுதானா’ என்று நிம்மதியாக இருக்கும்போது, எம்பாக் வீட்டை மதிப்பிட்டு முடிக்கும். குடிபுகுந்த நாளிலிருந்து கணக்கிட்ட துணைப் பில் ஒரேயடியாக வரும். நடப்பு ஆண்டோடு முந்தைய இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கி அறவிட முடியும். வங்கி மோர்ட்கேஜோடு வரியையும் கட்டுகிறது என்று இருந்துவிடாதீர்கள்: பெரும்பாலான நகரங்கள் துணைப் பில்லை வீட்டுக்காரருக்கே அனுப்பும். அதே அளவுள்ள பக்கத்து வீட்டின் வரியை விசாரித்து, பன்னிரண்டால் வகுத்து, குடிபுகுந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

பழைய வீடு வாங்கினால் பில் முந்தைய உரிமையாளர் பெயரில் போய்விடக்கூடும். கிடைக்கவில்லை என்பது சாக்காகாது. தாமதத்துக்கு மாதம் 1.25 சதவீதம் வரை தண்டம் ஏறும். வீடு கைமாறியதும் சட்டத்தரணியிடம் சொத்தின் 19 இலக்கப் பதிவு எண்ணை (roll number) கேட்டு வாங்கி, நகர வரிப் பிரிவை நீங்களே அழையுங்கள்.

கட்டும் வாடகையிலும் வீட்டு வரி அடங்குவதால் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. வருமானமே இல்லாவிட்டாலும் வருமான வரிப் படிவத்தை நிரப்பி, அதோடு வரும் ஓஎன்-பென் (ON-BEN) படிவத்தில் கட்டிய வாடகையைக் குறியுங்கள். தகுதி இருந்தால் ட்ரில்லியம் என்ற மாகாண உதவித்தொகை கிடைக்கும். வாடகை ரசீதுகளைக் கையோடு வாங்கி வைத்திருங்கள். பின்னர் ஆதாரம் கேட்கக்கூடும்.