'எல்லாம் நார்மல்' என்ற ரிப்போர்ட்டில் நழுவிப்போகும் குழந்தைகள்

எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் குழந்தைக்கு மாதாமாதம் மூக்கொழுகும். எடை ஏறி, ஓடியாடி விளையாடினால் பயம் வேண்டாம். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, வாய்க்குள் படிந்து மறையாமலே இருக்கும் வெள்ளை, திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி, ஏறாத எடை என்று இருந்தால், பிறவியிலேயே நோய் எதிர்ப்பில் குறை உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் கடலூரில் என்றால் மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர், திருப்பாதிரிப்புலியூரில் இன்னொருவர், முடியாமல் போனால் புதுச்சேரி. இப்படி அலையும்போது ஒவ்வொருவரும் அன்றைய காய்ச்சலை மட்டும்தான் பார்க்கிறார்கள். பழைய சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

என்னை அதிகம் வருத்தும் தவறு சாதாரண ரத்தப் பரிசோதனையில் நடப்பது. ஐந்து மாதக் குழந்தையின் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளையணு 6,200, அதில் லிம்போசைட் என்ற வகை 22 சதவீதம். பக்கத்தில் அச்சாகியிருக்கும் அளவுக்குள் இரண்டும் அடங்கும். ஆனால் அது பெரியவர்களுக்கான அளவு. கணக்குப் போட்டால் லிம்போசைட் 1,364தான். கைக்குழந்தைக்கு 3,000க்குக் கீழே இருந்தாலே பிறவி எதிர்ப்புக் குறையில் 'ஸ்கிட்' (SCID) என்ற கடுமையான வகையைச் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் உயிரையே எடுத்துவிடும். பெரிய தொற்று வருவதற்குள் ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது. அதனால் வைத்தியமே இல்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

அப்புறம், இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றுவதற்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் அடுத்தவர் கொடுத்த ஆன்டிபாடியைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

"சொந்தத்தில் கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். நம் பக்கம் தாய்மாமனைக் கட்டுவது சகஜம். இந்த நோய்களில் பல, பெற்றோர் இருவரிடமிருந்தும் வருபவை. சில வகைகள் அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும், அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. கைக்குழந்தையாகவே இறந்துபோன தம்பி ஒருவன் இருந்திருந்தாலும், மாமியார் முன்னால் அந்த அம்மா அவனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். குற்றம் சொல்வார்களோ என்ற பயம். டாக்டர்கள் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அப்படி ஒரு குழந்தை இறந்த குடும்பத்தில் அடுத்தது பிறந்தால், பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி, இந்தக் குறை உள்ள குழந்தைக்கு உடம்பெங்கும் பரவிவிடலாம். மற்றக் குழந்தைகளுக்கு அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.